எட்டா, நாலா? சித்தேரி மலையில் ஒரு வீட்டுப் பஞ்சாயத்து

"நீங்களே சொல்லுங்கம்மா! எட்டு ரூபாய் கொடுத்துவிட்டு நாலு ரூபாய்ச் சாமானை வீட்டுக்கு எடுத்துவருகிற மனுஷனை ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார் கணவர்.

"இவருக்கு எதை எடுத்தாலும் ரூபாய்க் கணக்குத்தான். எங்க அப்பா குரல் போய்விட்டால் எந்தக் கடையில் வாங்கித் தருவாராம்? அதையும் கேளுங்க" என்றார் மனைவி.

என் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே சித்தேரி மலையின் மாலைக் குளிர். எதிரே கட்டிலுக்கடியில், செங்கல் இரண்டின் மேல், பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி. இத்தனை கலகத்துக்கும் காரணம் அதுதான்.

நேயர்களே, நான் சித்தேரிக்குப் போனது புருஷன் பெண்சாதி வழக்கைத் தீர்க்க அல்ல. சாமையைப் பற்றியும், மலைப் பெண்கள் அதன் விதையைக் காப்பாற்றும் விதத்தைப் பற்றியும் எழுதலாம் என்று போனேன். தர்மபுரி மாவட்டத்தில் அரூரில் பஸ் ஏறினால், சற்று நேரத்தில் சமவெளி முடிந்து பாதை வளைந்து வளைந்து மேலே போகிறது. மேலே போகப் போகக் காற்று குளிர்கிறது. கையிலிருக்கும் செல்போன் மெல்ல மெல்ல உயிரை விடுகிறது. மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள். (கேரளம் ஞாபகத்துக்கு வந்தால் விட்டுவிடுங்கள். மலையில் வாழ்பவர்கள், அதனால் மலையாளிகள். பேசுவது தமிழேதான்.)

தங்க இடம் கிடைத்தது ஓர் ஆசிரியை வீட்டில். மலையில் பள்ளிக்கூட வேலை. கணவருக்கு அரூரில் சின்ன எலெக்ட்ரிக் கடை. தினமும் மோட்டார் சைக்கிளில் இறங்கி ஏறுகிறார். இந்த வீட்டில் செல்போன் பேச வேண்டுமானால் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்ட வேண்டும். அப்படியிருக்க, பட்டணத்தில் நீங்களும் நானும் செய்வது போல நினைத்த மாத்திரத்தில் இண்டர்நெட்டில் படம் பார்க்க முடியுமா? அதனால்தான் கணவர் இந்தப் பெட்டியை வாங்கினார். காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த டிவிடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றினார். பாட்டுகளை ஏற்றினார். மனைவி தன் பங்குக்குக் குடும்பப் புகைப்படங்களை ஏற்றினார். டெலிவிஷனோடு இணைத்துவிட்டால், வேண்டியதை வேண்டிய நேரத்தில் எடுத்துப் பரிமாறுகிறது. அதனால் அதற்கு 'சர்வர்' என்று பெயர். சர்வர் என்றதும் எனக்கு 1964இல் வந்த 'சர்வர் சுந்தர'மும் நாகேஷும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். இந்தச் சர்வருக்குத் தோளில் துண்டு மட்டும் இல்லை.

சரி, வழக்கு என்ன?

பெட்டிக்குள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். ஒவ்வொன்றும் 4 டெராபைட் கொள்ளும். (1 டெராபைட் என்பது ஆயிரம் ஜிகாபைட், சாதாரண டிவிடி ஒன்று 4.7 ஜிகாபைட்.) இரண்டையும் சேர்த்து ஒரே அறையாக உபயோகித்தால் 8 டெராபைட். ஏறக்குறைய 1,600 படம் வைக்கலாம். இது கணவர் கட்சி.

மனைவி கட்சி வேறு. ஒரு டிஸ்க்கில் எழுதுவதையெல்லாம் அதே நிமிஷத்தில் இன்னொன்றிலும் எழுதச் செய்யலாம். கண்ணாடியில் முகம் தெரிவது போல ஒன்றின் நிழல் மற்றொன்று. ஒன்று செத்தாலும் இன்னொன்று உயிரோடிருக்கும். ஆனால் இடம் பாதிதான். 4 டெராபைட், 800 படம்.

"இரண்டு பட்டுப்புடவை வாங்கி ஒன்றைக் கட்டுவது, ஒன்றைப் பூட்டுவது. கட்டுகிற புடவை கிழிந்தால்தான் மற்றதை வெளியே எடுப்பாங்களாம்!" என்றார் கணவர்.

800 படத்தைத் தினம் ஒன்றாகப் பார்த்தாலே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகுமே என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. புருஷர்களின் சேகரிப்பு ஆசையில் தலையிடுவது ஆபத்து என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

இடத்துக்கும் பத்திரத்துக்கும் உள்ள இந்தச் சண்டை சித்தேரியில் பிறந்ததல்ல. 1956இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி ஹார்டு டிஸ்க் கொண்ட முதல் இயந்திரத்தை வெளியிட்டது. ஒவ்வொன்றும் இரண்டடி அகலமுள்ள ஐம்பது தட்டுகள். ஏறக்குறைய ஒரு டன் எடை. அத்தனை பெரிய பூதம் கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துக்கள்தான். இன்றைய கணக்கில் ஒரு சினிமாப் பாட்டு வைத்தால் இடம் தீர்ந்துபோகும்! பிறகு டிஸ்க்குகள் சிறுத்தன, மலிந்தன. 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு யோசனையைக் கட்டுரையாக எழுதினார்கள். விலையுயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளை வரிசையாக வைத்து, ஒன்று கெட்டாலும் மற்றவை ஈடுகட்டும்படி செய்யலாம் என்பது அது. இப்போது கடைகளில் 'ரெய்டு' என்று சொல்கிறார்களே, அது இதுதான். போலீஸ் ரெய்டு அல்ல.

அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பள்ளிக்கூடத்துக் கூட்டல் கணக்குத்தான். 5, 7, 4 என்று மூன்று எண்கள். கூட்டினால் 16. நாலாவது டிஸ்க்கில் அந்த 16ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள 7 காணாமற் போனால் என்ன? 16இலிருந்து 5ஐயும் 4ஐயும் கழித்தால் 7 திரும்பி வந்துவிடுகிறது. இயந்திரத்தின் கணக்கு கொஞ்சம் வேறு, தத்துவம் இதுவே. ஆக, 4 டெராபைட் டிஸ்க் நாலு வைத்திருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் காவலுக்கு விட்டு 12 டெராபைட்டை உபயோகிக்கலாம். ஒன்று கெட்டால் பயமில்லை. இரண்டு ஒன்றாகக் கெட்டால் போச்சு! அதற்கும் பயப்படுகிறவர்கள் இரண்டு டிஸ்க் அளவு காவல் வைத்து, மீதி 8 டெராபைட்டோடு திருப்திப்படுகிறார்கள்.

இரண்டு எங்கே ஒன்றாகக் கெடப் போகிறது என்கிறீர்களா? ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதில் தள்ளாடுவது உண்டு. தவிர, கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதிதைப் போட்டால் அது நிரம்பப் பல மணி நேரம் ஆகும். பெரிய டிஸ்க்கானால் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் மிச்சமிருக்கிற கிழட்டு டிஸ்க்குகள் மூச்சுவிடாமல் ஓட வேண்டும்.

டிஸ்க் அவ்வளவு சீக்கிரம் சாகுமா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, எத்தனை கெட்டன என்று ஒளிக்காமல் வெளியிட்டு வருகிறது. பொதுவாக நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு, வருஷத்தில் போய்விடுகின்றன.

"பார்த்தீங்களா? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பிழைக்குது!" என்று தொடையைத் தட்டினார்.

"போன தீபாவளிக்கு அந்தப் பள்ளிக்கூட ஆண்டு விழா வீடியோவை அழிச்சது எந்த டிஸ்க்குங்க?" என்று கேட்டார் டீச்சர்.

கணவர் மோவாயைத் தடவிக்கொண்டார். இடம் போதவில்லை என்று எதையோ அழிக்கப் போய், கை தவறி அதையும் அழித்துவிட்டாராம்.

இங்கேதான் நேயர்களே, டீச்சர் கட்சியிலும் ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. அன்று அந்தப் பெட்டியில் கண்ணாடி முறை இருந்திருந்தால் வீடியோ பிழைத்திருக்குமா? பிழைத்திராது! நாம் பொட்டை அழித்தால் கண்ணாடியில் தெரியும் நெற்றியிலும் பொட்டு அழிகிறது. ஒரு டிஸ்க்கில் அழித்தது அதே நொடியில் மற்றதிலும் அழியும். மலைமேல் இடி விழுந்து மின்சாரம் பாய்ந்தால், ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டும் சேர்ந்தே கருகும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி முறை டிஸ்க்கின் சாவுக்கு மட்டும் மருந்து. மனுஷர் கைத் தவறுக்கு அது மருந்தல்ல.

அதனால் அது வீண் என்று நான் சொல்லவில்லை. கணவர் டிவிடிகளை ஏற்றிய சிரமத்தை எண்ணிப் பாருங்கள். சுமார் 500 படம். ஒன்றுக்கு அரைமணி என்றாலும் 250 மணி நேரம்! டிஸ்க் போனால் டிவிடிகள் அலமாரியில் இருக்கும், ஆனால் அந்த 250 மணி நேரத்தை மறுபடி செலவழிக்க வேண்டும். அந்த உழைப்புக்காகவே சிலர் பாதி இடத்தைத் தியாகம் செய்கிறார்கள். அவரவர் பொழுதின் விலை அவரவருக்குத் தெரியும்.

பாட்டியின் சுரைக்குடுக்கை

மறுநாள் காலை நான் வந்த காரியத்தைப் பார்க்கப் போனேன். டீச்சரும் துணைக்கு வந்தார். சற்றுத் தள்ளியிருந்த வீட்டில் ஒரு பாட்டி. கேழ்வரகு, சாமை, தினை எல்லாம் அவருடைய புழக்கடை மனுஷர்கள் மாதிரி. அவ்வளவு உரிமையோடு பேசுகிறார்.

வீட்டுக்குள்ளே மூங்கில் பிளாச்சில் பின்னி, சாணமும் மண்ணும் பூசிய குதிர். அதில் சாப்பாட்டுக்கான தானியம். அடுப்புக்கு நேர் மேலே, புகையில் கறுத்துத் தொங்கும் கதிர்க்கட்டு. மூலையில் சாம்பல் கலந்து, வாயை அடைத்த சுரைக்குடுக்கை.

"இந்தக் குதிருக்குள்ள எலி பூந்தா என்ன பண்ணுவீங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் வயிறு காயும். கடையில அரிசி வாங்கிக்கலாம்."

"குடுக்கையில பூச்சி விழுந்தா?"

பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பட்டணத்துப் பெண்ணுக்கு மூளை இவ்வளவுதான் போலிருக்கிறது என்ற பார்வை.

"அதுக்குத்தானே மேல கட்டித் தொங்குது? அதுவும் போனா என் நாத்தனா வீட்டுல இருக்குது. நான் அவளுக்குக் குடுத்திருக்கேன், அவ எனக்குக் குடுத்திருக்கா. விதைக்குன்னு எடுத்தது வேற, வயித்துக்குன்னு எடுத்தது வேற கண்ணு. ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி வெப்பாங்களா?"

நானும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

குதிர் நிறைய இருக்கும் தானியத்துக்கு ஒரே காவல். ஒரு படி விதைக்கு மூன்று காவல், அதில் ஒன்று வேறு வீட்டில்! இடம் அதிகம் கேட்பது குதிர். பத்திரம் அதிகம் கேட்பது குடுக்கை. முந்தைய இரவு நாங்கள் மூவரும் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிவிட்டு, இதைப் பூட்டுவதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் காரியமாகப் பெட்டியைத் திறந்து கணக்கெடுத்தோம். எது விதை, எது சாப்பாடு? படங்கள், பாட்டுகள் எல்லாம் சாப்பாடு. மறுபடி வாங்கலாம், மறுபடி ஏற்றலாம். விதை எது? புகைப்படங்கள் 18,000, ஒன்று 4 மெகாபைட் என்று வைத்தால் 72 ஜிகாபைட். செல்போனில் எடுத்த குழந்தைகள் வீடியோ 90 ஜிகாபைட். டீச்சரின் அப்பா கடைசிக் காலத்தில் பேசியது, களை எடுக்கும்போது மலைப் பெண்கள் பாடியதை டீச்சர் பதிவு செய்தது, வீட்டுப் பத்திரங்களின் நகல், எல்லாம் சேர்ந்து 3 ஜிகாபைட்.

ஆக மொத்தம் 165 ஜிகாபைட்!

எட்டாயிரத்தில் 165. ஐம்பதில் ஒரு பங்கு. இதற்காகவா பாதி வீட்டைப் பூட்டி வைக்கிறேன் என்றார் டீச்சர்? இதற்காகவா நான் மறுத்தேன் என்று கணவருக்கும் வெட்கமாகிவிட்டது.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. சில வருஷங்களுக்கு முன் என் பையனின் முதல் மூன்று வயதுப் படங்களையெல்லாம் செல்போனிலிருந்து ஒரு டிஸ்க்குக்கு மாற்றினேன். மாற்றிய கையோடு செல்போனில் இருந்ததை அழித்தேன். ஏன்? இடம் வேண்டுமே! இரண்டு மாதம் கழித்து அந்த டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. விழுந்த உயரம் இரண்டரை அடி இருக்கும். அவன் முதன்முதலில் நடந்தது இப்போது என் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த ஞாபகமும் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கொண்டு வருவதாக என் அம்மா சொல்கிறாள்.

பெரிய பெரிய இடங்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். டி.பி. ராஜலட்சுமி நடித்தது. கொட்டகைகளில் ஓடிய அந்தப் படச்சுருளில் ஒரு பிரதிகூட நம் காலம் வரை வந்து சேரவில்லை. அமெரிக்காவில் பிக்ஸார் என்ற பொம்மைப் படக் கம்பெனியில் 1998இல் 'டாய் ஸ்டோரி' இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ தவறாக ஒரு கட்டளையைக் கொடுக்க, கம்ப்யூட்டரிலிருந்து படம் மளமளவென்று மறைய ஆரம்பித்தது. பிரதி எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது சில காலமாகச் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று! படத்தைக் காப்பாற்றியது யார் தெரியுமா? காலின் சுஸ்மன் என்ற பெண்மணி. கைக்குழந்தைக்காரி, வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் பிரதி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்களாம். (பிற்பாடு கதையையே பெரும்பாலும் மாற்றி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) அத்தனை பெரிய கம்பெனிக்கும் நாத்தனார் வீட்டுக் குடுக்கைதான் கைகொடுத்தது!

இனி சித்தேரித் தீர்ப்புக்கு வருவோம். தீர்ப்பு சொன்னது நான் என்றாலும், சட்டம் எழுதியவர் பாட்டி.

முதலாவது, இரண்டு டிஸ்க்கையும் ஒட்டி ஒரே நீள அறையாக்குவதில்லை. கணவர் அப்படித்தான் செய்ய இருந்தார். கோப்புகளைத் துண்டுபோட்டு இரண்டிலும் பரப்பி வைத்தால், ஒன்று செத்தாலும் இரண்டிலும் உள்ளது அத்தனையும் போகும், ஆபத்து இரட்டிப்பு. அதற்குப் பதில் தனித்தனியாகவே இருக்கட்டும். கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒன்றில், கலர்ப் படங்கள் இன்னொன்றில். ஒன்று போனால் பாதிப் படம்தான் போகும். இடம் என்னவோ அதே எட்டுதான்.

குடும்ப விஷயம் 165 ஜிகாபைட்டும் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கட்டும். தானாக நிமிஷத்துக்கு நிமிஷம் அல்ல. வாரத்துக்கு ஒரு முறை டீச்சர் கையால் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் சேர்ப்பது. கை தவறி எதையாவது அழித்தால் ஞாயிற்றுக்கிழமை வரை தவணை உண்டு.

மூன்றாவது பிரதி, கடையில் சும்மா கிடந்த 1 டெராபைட் சிறு டிஸ்க்கில். அது மலையில் இருக்கக் கூடாது. அரூரில் கணவரின் அக்காள் வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை மேலே வந்து, நிரப்பிக்கொண்டு, கீழே இறங்க வேண்டும்.

"இண்டர்நெட்டில் ஏதோ கம்பெனிக் கிடங்கில் வைக்கலாமென்று சொல்கிறார்களே?" என்று கேட்டார் டீச்சர். வைக்கலாம், பட்டணத்து வீடுகளுக்கு அது மிகவும் சௌகரியம். ஆனால் வினாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 165 ஜிகாபைட்டை அனுப்ப இரவு பகலாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை யார் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்பது? மோட்டார் சைக்கிள் ஒரே காலையில் கொண்டுபோய்விடும்.

மின்சாரம் திடீரென்று நின்றால் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் பாதியில் திகைத்து நிற்கும். ஆகையால் பெட்டிக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போட வேண்டும் என்றேன். எலெக்ட்ரிக் கடைக்காரர் வீட்டிலேயே அது இல்லை! டீச்சர் சிரித்த சிரிப்பைப் பார்த்தால், யு.பி.எஸ். அந்த வாரமே வந்திருக்கும்.

பிக்ஸார் கதையைக் கேட்ட பிறகு டீச்சர் தாமாகவே ஒரு விதி சேர்த்தார். பிரதி எடுத்தால் போதாது. கீழே கொண்டுபோகுமுன் பத்துப் படமாவது, ஒரு வீடியோவாவது திறந்து பார்க்க வேண்டும். "விதையை முளைப்பு கட்டிப் பார்க்கிற மாதிரி" என்றார்.

அன்றே முதல் பிரதி எடுத்தோம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க டீச்சர் அப்பாவின் பதிவைத் திறந்தார். இருமலுக்கு நடுவே கிழவர் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். பின்னால் கோழி கூவுகிறது. ஐந்து நிமிஷம். கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் அந்தச் சிறு டிஸ்க்கைச் சுற்ற ஒரு பழைய துண்டு.

மூட்டை கட்டும் நேரத்தில் பாட்டி வந்தார். என்னை வழியனுப்பச் சாமை ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் சண்டையும் சமாதானமும் ஊருக்கே தெரிந்திருந்தது போலிருக்கிறது.

"இதுக்குச் சாம்பல் போட வேணாமா?" என்று கேட்டார்.

டீச்சர் உள்ளே போய், புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சுவதற்காகப் போட்டிருப்பார்களே, அந்த வெள்ளைப் பொட்டலம் ஒன்றை எடுத்துவந்து டிஸ்க்கோடு டப்பாவில் போட்டு மூடினார். பாட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லியே" என்றார்.